பசுபதியின் டோ பாரும் பத்துப் பொருத்தமும்

டெக்சஸ் மாநிலம் காப்பெலில் வசிக்கும் பசுபதிக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது பிடிக்கும். வாங்கி முடிப்பதுதான் பிடிக்காது. வாங்கிவிட்டால் தேட முடியாதே! அவர் பிரஷர் குக்கர் தேடிய காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, இவர் வீட்டு அஞ்சல் பெட்டியை உடைக்கும் வயதுக்கு வந்தது. மெத்தை தேடிய காலத்தில் தரையில் படுத்துப் பழகிய அவர் மனைவி சாரதா, மெத்தை வந்த பிறகும் சில வாரம் தரையிலேயே படுத்தார். சாரதாவை மட்டும் பெண் பார்த்த அன்றே பசுபதி முடிவு செய்துவிட்டார் என்று உறவில் ஒரு வதந்தி உண்டு. முடிவு செய்தவர் சாரதா. பசுபதி அப்போதும் இன்னும் இரண்டு ஜாதகம் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு மோட்டார் ஹோம் இருந்ததென்றால், அதை அவர் வாங்கவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர், விவாகரத்தாகி ஊரைவிட்டுப் போகும் அவசரத்தில், இவர் ஓய்வு பெற்ற அதே வாரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். கட்டில், அடுப்பு, கழிப்பறை, டிவி எல்லாம் உள்ளே வைத்த, டவுன் பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி. வீட்டு வாசலில் இன்னொரு வீடு நிற்பது மாதிரி நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கலிபோர்னியாவில், பிளசன்டனில் இருக்கும் மகள் விஷாகாவிடமிருந்து நல்ல செய்தி வந்தது. வளைகாப்புக்கு அம்மா கையால்தான் முதல் வளையல் என்று அப்போதே பேசி முடிவாகிவிட்டது.

“நம்ம வண்டியிலேயே போயிடலாம் சாரதா. போற வழியெல்லாம் சீனரி,” என்றார் பசுபதி.

“அங்க போய் கொத்தமல்லி வாங்கக்கூட இந்தக் கப்பலைத்தான் ஓட்டணுமா? கார் இல்லாம நான் வர மாட்டேன்.”

“காரைப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. அதுக்கு டோ பார்னு ஒண்ணு இருக்கு.”

சாரதா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். டோ பார் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அது வீட்டுக்கு வர எவ்வளவு நாளாகும் என்பது நன்றாகத் தெரியும்.

மோட்டார் ஹோமின் பின்புறத்தையும் காரின் முன்புறத்தையும் இணைக்கும் இரண்டு இரும்புக் கைகள்தான் டோ பார். இதில் நீளாதது, நீண்டு சுருங்குவது, காரிலேயே தங்குவது, மோட்டார் ஹோமில் மடிந்து தொங்குவது என்று சாதிகள் பல. பசுபதி எல்லாவற்றின் குலம் கோத்திரத்தையும் விசாரித்தார். விசாரணையில் அவருக்குத் துணை, நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் கல்லூரி நண்பர் திருமூர்த்தி. திருமூர்த்தி மோட்டார் ஹோமில் ஏறியதுகூடக் கிடையாது. அதனால் அவர் கருத்தில் சார்பு இருக்காது என்பது பசுபதியின் வாதம்.

விஷாகாவுக்கு மசக்கை வந்தது, போனது. ஸ்கேனில் குழந்தைக்குக் காது மூக்கு தெரிந்தது. டோ பார் மட்டும் தெரியவில்லை. கடைசியில் பசுபதியை அசைத்தது, நள்ளிரவோடு முடியப்போவதாக மிரட்டிய ஒரு தள்ளுபடி. ‘நான்பைண்டிங்’ வகை, அதாவது கார் கோணலாக நின்றாலும் கைகளைப் பூட்டும் பின் சிக்காமல் கழலும் வகை, கொஞ்சம் விலை கூட. அதற்குத் தள்ளுபடி இல்லை. தள்ளுபடி இல்லாத பொருளை வாங்கினால் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது. மற்றதை வாங்கினார்.

பெட்டி வந்து, பிரித்து, கூடத்தில் கோலம் மாதிரி பரப்பி வைத்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டு, வாழ்த்துகள் எல்லாம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அவருடைய கார் நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப்போகக் கூடாத கார். கியர்பாக்ஸ் வெந்துவிடுமாம்.

“ரிட்டர்ன் பண்ணிடுங்க,” என்றார் சாரதா.

“அந்த விலைக்கு இனிமே கிடைக்காது. இழுக்கற மாதிரி ஒரு கார் பார்த்துடலாம்.”

“பிளவுஸ் பிட்டு சேல்ல கிடைச்சுதுன்னு மேட்சிங்கா பட்டுப்புடவை வாங்கற ஆளை இப்பத்தாங்க பாக்கறேன்.”

ஆனாலும் ஒரு பழைய ஜீப் வந்தது. இந்தத் தடவை பசுபதி ஏமாறத் தயாராக இல்லை. முறைப்படி பத்துப் பொருத்தம் பார்த்தார். எடைப் பொருத்தம், உயரப் பொருத்தம், பிரேக் பொருத்தம், பின்விளக்குப் பொருத்தம், சங்கிலிப் பொருத்தம் என்று ஒவ்வொன்றாக எக்செலில் போட்டு, திருமூர்த்தியிடம் வீடியோ அழைப்பில் வாசித்தார். பத்துக்கு ஒன்பதரை. அரை குறைந்தது நிறத்தில்.

“தாராளமா பண்ணலாம்டா,” என்று நியூஜெர்சியிலிருந்து உத்தரவு வந்தது. “ஆமா, மேனுவல்ல சிவப்புல என்னமோ போட்டிருக்கே?”

“காரை மாட்டிட்டு ரிவர்ஸ் எடுக்கக் கூடாதாம். கம்பி வளைஞ்சிடுமாம்.”

“அட, இவனுங்க காபி கப்லயே சூடா இருக்கும்னு எழுதறவனுங்க. நமக்குச் சுட்டுடும்னு பயமில்ல, லாயர் வருவான்னு பயம். கொஞ்சமா எடுத்தா ஒண்ணும் ஆகாது.”

“நானும் அதேதான் நினைச்சேன்,” என்றார் பசுபதி. இந்த நாட்டில் ஏணி, தலையணை, கடலை பாக்கெட் என எல்லாவற்றிலும் எச்சரிக்கையைப் படித்துப் படித்து, எதையும் நம்பாத நிலைக்கு வந்துவிட்ட தலைமுறை அது.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை மதியம். ராகு காலம் தொடங்குவதற்குள் முதல் வளையல் ஏறிவிட வேண்டும். வியாழனே கிளம்பினார்கள். சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னே மோட்டார் ஹோம் போக, பின்னே தலையைக் குனிந்து ஜீப் போயிற்று. ஜீப்பின் பின்சீட்டில் கண்ணாடி வளையல் பெட்டிகள், புடவை, சாரதா கையால் செய்த அதிரசம். நியூ மெக்சிகோ, அரிசோனா எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் கடந்தது. பசுபதி மணிக்கொரு தடவை “எப்படி வருது பாத்தியா!” என்றார். சாரதா ஃப்ரீவேயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிறு காலை பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டியதும் பசித்தது. ஃப்ரீவேயை ஒட்டி, ஒரு கேஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை இருப்பதாக ஃபோன் சொன்னது. பசுபதி வளைந்து உள்ளே போனார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் இருந்தன. அதற்குப் பின்னால் சுவர் இருந்தது. வழி இல்லை.

“ஜீப்பைக் கழட்டிட்டு வண்டியைத் திருப்பிடலாங்க,” என்றார் சாரதா.

“கழட்டி மறுபடி மாட்டணும்னா அரை மணி நேரம் போயிடும். சும்மா பத்தடி பின்னாடி போனா போதும்.”

“கூடாதுன்னு போட்டிருக்கே!”

“காபி கப்ல கூடத்தான் போட்டிருக்கான்.”

பசுபதி ரிவர்ஸ் போட்டார். முதல் மூன்றடி ஜீப் ஒழுங்காகத்தான் வந்தது. அப்புறம் அதன் முன்சக்கரங்கள் தாமாகவே ஒரு பக்கம் திரும்பிக்கொண்டன. ஜீப் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி குறுக்கே போய் நின்றது. பித்தளை அண்டா கவிழ்ந்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், இரும்புக் கைகளில் ஒன்று வில்லாக வளைந்திருந்தது. கழற்றும் பின்கள் இரண்டும் இறுகிவிட்டன. இப்போது முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, கழற்றவும் முடியாது. ஊபர் தேடினால் அந்தப் பக்கத்தில் ஒரு வண்டியும் இல்லை.

சத்தம் கேட்டு இட்லிக் கடையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பிக்கொண்டிருந்த, ஒரு வேன் நிறையத் தமிழர்கள். எதிர்த் திசைக்காரர்கள், ஏற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. ஆனால் அத்தனை பேரும் இன்ஜினியர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்து பார்த்தார்கள்.

“வெந்நீர் ஊத்துங்க சார், எக்ஸ்பேண்ட் ஆகும்.”

“தேங்காய் எண்ணெய் இருக்கா?”

“இன்னும் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா அதுவே நிமிர்ந்துடும்.”

“சார், இது எந்த மாடல்? டீல்ல போட்டீங்களா?”

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பசுபதியின் முகம் மலர்ந்தது. “நல்ல கேள்வி கேட்டீங்க. இதுல மொத்தம் நாலு டைப் சார்...” என்று தொடங்கினார்.

சாரதா வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் ஹோம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். விஷாகா ஃபோனில் வந்தாள்.

“அம்மா, வேர் ஆர் யூ? எல்லாரும் கேக்கறாங்க.”

“உங்கப்பா டோ பாருக்கு உபன்யாசம் பண்றார்டி. நீ போய் தலை வாரிக்கோ. நான் வராம யாரையும் வளையல் போட விடாதே.”

“ராகு காலம் வந்துடுமே!”

“வராது. அதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன்.”

ஃபோனை வைத்ததும் சாரதா புடவைத் தலைப்பால் கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். அதைப் பசுபதி பார்த்துவிட்டார். பேச்சு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு நாலு டைப்பில் மூன்றாவது என்ன என்று வேன்காரர்கள் எவ்வளவு கேட்டும் அவர் சொல்லவில்லை.

சாலை உதவிக்குக் கூப்பிட்ட ஆள் ஒருவழியாக வந்து சேர்ந்தார். தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். மோட்டார் ஹோம் பக்கம் வெட்டினால் இரும்புக் கைகள் ஜீப்போடு தங்கிவிடும். ஜீப் பக்கம் வெட்டினால் அதன் முன்முகத்தையும் கொஞ்சம் பிய்க்க வேண்டிவரும். எந்தப் பக்கம் வெட்டட்டும்?

பசுபதியின் கண்ணில் ஈரம் இருந்தது, உண்மைதான். ஆனால் கை, அது பாட்டுக்கு ஃபோனை எடுத்துவிட்டது. வாட்ஸப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு போட்டார். நிமிஷத்தில் ஓட்டுகள் வந்து சரிசமமாக நின்றன. திருமூர்த்தி மூன்றாவதாக ஒரு வாய்ப்பைச் சேர்க்கச் சொன்னார்: எதற்கு வெட்ட வேண்டும்?

சாரதா எழுந்தார். ஜீப்பில் ஏறி, வளையல் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து, அதற்கும் சேர்த்து பெல்ட் போட்டார். கண்ணாடியை இறக்கி, வெட்ட வந்தவரிடம் சொன்னார்:

“சார், யூ கட் வேர்எவர் யூ ஆர் ஸ்டாண்டிங்.”

அவர் மோட்டார் ஹோமை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அங்கேயே வெட்டினார். தீப்பொறி பறந்தது. வேன்காரர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். பசுபதி கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது ஜீப் சுவரையும் குப்பைத் தொட்டியையும் தவிர்த்து அழகாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் இரண்டு இரும்புக் கைகள் யானைத் தந்தம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று நேராக, ஒன்று வளைந்து.

“நீங்க இட்லி சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க,” என்று சொல்லிவிட்டு சாரதா ஃப்ரீவேயில் ஏறினார்.

பசுபதி பிளசன்டன் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவில் ஜீப்பைச் சுற்றி வளைகாப்புக்கு வந்த ஆண்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒருவர் குனிந்து படம் எடுத்தார். பசுபதி அவர்களைத் தாண்டி, நிற்காமல், விடுவிடுவென்று உள்ளே போனார்.

விஷாகா இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் பாத்திரத்தின் அடி தெரியத் தீர்ந்திருந்தன. சாரதா ஓர் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“முதல் வளையல்...?” என்று மெல்லக் கேட்டார் பசுபதி.

“நான்தான் போட்டேன். ராகு காலத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.”

“அவ்ளோ சீக்கிரமா? டிராஃபிக்?”

“அதை ஏன் கேக்கறீங்க! என் முன்னாடி ஒருத்தனும் வரல. லேன் மாத்தலாம்னு இண்டிகேட்டர் போட்டா போதும், நாலு வண்டி ஒதுங்கிப் போச்சு. ஒரு டெஸ்லாக்காரன் எக்ஸிட்லயே இறங்கிட்டான். முப்பது வருஷமா இந்த நாட்டுல கார் ஓட்டறேன், இந்த மரியாதை ஒருநாள் கிடைச்சதில்ல.”

“நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு அந்தக் கம்பியை எடுத்துடறேன் சாரதா.”

“எடுத்தீங்கன்னா பாருங்க!” என்றார் சாரதா, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டே. “அது அப்படியே இருக்கட்டும். ஊருக்குத் திரும்பறப்ப நான் அதுல முன்னாடி போறேன். நீங்க உங்க வீட்டை ஓட்டிட்டுப் பின்னாடி வாங்க.”

பசுபதி வாசல் பக்கம் ஜீப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

“அப்ப ரெண்டு வண்டிக்கும் நடுவுல பேசிக்க வாக்கி டாக்கி வேணும். அதுல மொத்தம் எத்தனை டைப் இருக்குன்னு...”

விஷாகா வளையல் குலுங்கக் கையை நீட்டி, அவர் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கினாள்.

“அப்பா, திஸ் இஸ் எ ஃபோன்.”