கன்னத்துச் செல்கள் செத்த வருடம்

தொண்ணூறுகளின் கடைசியில், பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முதுகலைப் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். வெற்றிலை பாக்கு போட்டுப் போட்டுக் கன்னத்தின் உட்சவ்வு இறுகிப்போகும் நோய்தான் என் ஆய்வு. அந்த இறுக்கத்துக்குத் துணைபோகும் ஒரு மரபணுவை அடக்க வேண்டும். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்திப் புழுக்களில் மரபணுவை அடக்கிவிட்டார்கள் என்று அப்போதுதான் படித்திருந்தேன். மனிதச் செல்லில் ஏன் முடியாது?

திசு தந்தவர் கிள்ளானிலிருந்து பல் கிளினிக்குக்கு வந்த ஓர் அக்கா. வாய்க்குள் ஒரு விரல்தான் நுழையும். சோதனைக்கு வெட்டும் துண்டில் கொஞ்சம் கேட்டேன்.

“இதால எனக்கு வாய் திறக்குமா?” பல்லைக் கடித்தபடிதான் அவரால் பேச முடிந்தது.

“இல்லக்கா. பொய் சொல்ல மாட்டேன். இப்பதான் ஆரம்பிக்கிறோம்.”

அக்கா கன்னத்தைத் தடவிக்கொண்டார். “சரிலா, எடுத்துக்க. வீணாக்கிடாத.”

அந்தச் செல்களை வளர்த்த முதல் தட்டுகளில் பூஞ்சை பிடித்தது. மறுபடி வளர்த்து, இரட்டை இழையைச் செலுத்தினேன். மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாச் செல்களும் செத்து மிதந்தன. திரும்பச் செய்தேன். திரும்பவும் செத்தன.

“போதும்லா, தலைப்ப மாத்திடு,” என்றார் என் மேற்பார்வையாளர்.

“ஏன் சாகுதுன்னு தெரியாம மாத்த மாட்டேன், டாக்டர்.”

உறைபெட்டியில் அந்த அக்காவின் செல்கள் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். அதை வளர்த்துப் பாதித் தட்டுகளில் அதே இழையையும், ஒப்பிட்டுப் பார்க்க மீதியில் மனிதரிடம் இல்லாத ஜெல்லி மீன் மரபணுவுக்கான இழையையும் செலுத்தினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தங்கியிருந்த அறைக்குப் போனாலும் தூக்கம் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் செத்தன. அப்படியானால் குற்றம் நான் அடக்கப் பார்த்த மரபணுவில் இல்லை. நீளமான இரட்டை இழை எதுவானாலும், வைரஸ் புகுந்துவிட்டதென்று எண்ணிச் செல் தன்னையே அழித்துக்கொள்கிறது. தோற்றுவிட்டேன் என்பது புரிந்தது. ஆனாலும் பல மாதங்களில் முதல்முறையாக மனசு லேசானது.

அந்த அக்காவுக்கு அதற்குள் அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு விரல் அளவுக்கு வாய் திறந்திருந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

நடந்ததை நடந்தபடியே ஆய்வேட்டில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர், “அப்ப நீங்க என்னதான் கண்டுபிடிச்சீங்க?” என்றார்.

“இந்த வழியில போனா செல் செத்துடும், சார். ஏன்னும் சொல்லியிருக்கேன்.”

பட்டம் கொடுத்தார்கள். சில வருடங்களில், இழையை மிகச் சிறிதாக நறுக்கிக் கொடுத்தால் மனிதச் செல் தாங்கும் என்று வேறு நாட்டில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டுரையை நின்றபடியே படித்து முடித்தேன். பொறாமையாகத்தான் இருந்தது. மறுவாரமே, என் பழைய மரபணுவை அடக்கும் குட்டை இழைகளுக்கு ஆர்டர் எழுதினேன்.