சாமி இல்லாத சாம்ராஜ்யம்

"சாமியே இல்லாத சாம்ராஜ்யத்துல பதிதம் எங்கேர்ந்தும்மா வரும்? யோசிச்சுதான் எழுதினியா?"

எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஆசிரியராக இருந்தவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் தொழிற்சாலையில் டிசைன் பிரிவின் பெரிய எஞ்சினியர். கோவிலுக்குப் போகாததை இன்னொரு டிகிரி மாதிரி சொல்லிக்கொள்பவர். என் அப்பா அதே தொழிற்சாலையில் உலையடியில் வேலை பார்ப்பவர். சம்பளத்துக்குப் பெருவிரல் வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பௌதிகத்தில் பட்டமும் வாங்கியிருக்கிறேன். இதைத் தணிந்த குரலில் சொல்ல எனக்குத் தெரியாது.

சங்கத்துக்கு என் படிப்பு தேவைப்படவில்லை, கையெழுத்து தேவைப்பட்டது. ஹைதராபாத்தில் தமிழ் டைப்ரைட்டருக்கு எங்கே போவது? மலர் முழுவதையும் மெழுகு ஸ்டென்சிலில் கூர்பேனாவால் கீறி, சைக்ளோஸ்டைல் போட வேண்டும். வருஷா வருஷம் கீறியவள் நான். எஞ்சினியர்களின் நிலாக் கவிதைகளையெல்லாம் கண் வலிக்க எழுதினேன். இந்த முறை என் கதையும் ஒன்று.

கதையின் சாம்ராஜ்யத்தில் நட்சத்திரங்கள் உண்டு, கோவில்கள் இல்லை. எதையும் கேள்வி கேட்கலாம் என்று ஒவ்வொரு சுவரிலும் எழுதியிருக்கும். ஒரு சின்னக் கிரகத்தில் விளக்குக் கோபுரம் பார்க்கும் பெண், சாம்ராஜ்யத்தை நிறுவியவரின் முதல் கணக்கை யாராவது சரிபார்த்தார்களா என்று கேட்டுவிடுகிறாள். அவளை யாரும் எரிக்கவில்லை, திட்டவுமில்லை. ஆளே இல்லாத கிரகத்துக்கு மாற்றல் உத்தரவு போடுகிறார்கள். திருச்சபையின் போதனைக்கு மாறாகப் பேசுகிறவனை எங்கள் மாதா கோவிலில் பதிதன் என்பார்கள், அவன் பேச்சைப் பதிதம் என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

ஆசிரியர் கதையைச் சிவப்பு மசியால் திருத்தியிருந்தார். கோபுரத்தின் உச்சியில் ஒரு சாமி சிலை முளைத்திருந்தது. என் கதைப் பெண் அதைக் கேலி செய்து, பிறகு அழுது மன்னிப்புக் கேட்டாள். இதை என் கையாலேயே ஸ்டென்சிலில் கீற வேண்டும். அவ்வளவு படித்தவருக்கு, சாமியை எடுத்துவிட்டால் கும்பிடுவதும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை.

கமிட்டி அவர் வீட்டில் கூடியது. சிலை வேண்டாம், எழுதியபடியே போடுங்கள் என்றேன்.

"அப்படியே போட இடமில்லேம்மா" என்றார்.

"முதல் பக்கத்தை எடுத்துடலாமே, சார்."

முதல் பக்கம் ஜெனரல் மேனேஜரின் வாழ்த்துச் செய்தி. அவர் வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அந்தச் செய்தியை ஆண்டுதோறும் எழுதுபவர் ஆசிரியரேதான். போன வருஷத்து வாக்கியங்களே இடம் மாறி உட்காரும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பொருளாளர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஆசிரியரின் மனைவி பஜ்ஜித் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அதெல்லாம் பேசக்கூடாதும்மா" என்றார் பொருளாளர்.

"ஏன் சார்? அவர் படிக்கவே மாட்டாரே."

"படிக்கிறதுக்காகவா போடறோம்?"

"அப்ப எதுக்கு?"

"எதுக்குன்னா... அது இருக்கணும்."

நான் ஆசிரியரைப் பார்த்தேன். "சாமி எங்கேன்னு கேட்டீங்களே சார். சாமியே இல்லாம ஜன்னலைச் சாத்தறீங்க. பதிதம் இங்கேர்ந்துதான் வரும்."

அவருக்குப் புரிந்தது, காது மடல் சிவந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு. "உங்கப்பா ஃபவுண்டரிலதானே இருக்கார்? இந்த வயசுல அவரை நைட் ஷிப்ட்டுக்கு மாத்திட்டா கஷ்டம், இல்ல?"

என் கதையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது மாற்றல் உத்தரவு ஒன்றைத்தான்.

மற்றவர்கள் பஜ்ஜியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகுத்தறிவு, விஞ்ஞானம் என்று மேடையில் தொண்டை கிழியப் பேசும் ஆட்கள். என் கதையின் சாம்ராஜ்யத்துக்காவது பல நட்சத்திரங்கள் தேவைப்பட்டன. இவர்களுக்கு ஒரு ஹாலும் ஒரு தட்டும் போதும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஷிப்ட் பேச்சு உட்பட. கதையை முழுதும் படித்துக் காட்டச் சொன்னார்.

"அந்த செலை நீ வச்சதா, அவர் வச்சதா?"

"அவர்."

"அப்ப நக்கோ, வேணாம்னு சொல்லிடு. அவர் எழுதினதுக்குக் கீழ எம்பொண்ணு பேரு இன்னாத்துக்கு?"

"நைட் ஷிப்ட்டு போட்டா?"

"உலைக்கு ராத்திரி இன்னா, பகல் இன்னா. அதே சூடுதான்."

மறுநாள் கூர்பேனாவையும் மிச்ச ஸ்டென்சில்களையும் ஆசிரியர் வீட்டு வாசலில் அவர் மனைவியிடம் கொடுத்தேன். "மலரை யாரும்மா எழுதறது?" என்றார். நிலாக் கவிஞர்களுக்கும் கை இருக்கிறது என்றேன்.

பிறகு செகந்திராபாத் போய் என் காசில் ஸ்டென்சிலும் ஒரு கூர்பேனாவும் வாங்கினேன். சிலை, அழுகை, மன்னிப்பு எதுவும் இல்லாமல், என் கதையை நான் எழுதியபடி கீறினேன். சைக்ளோஸ்டைல் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. "கியா ஹை யே, அம்மா? யூனியன் நோட்டீஸா?" என்று கேட்டுக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினார். கதை என்றேன். கதைக்கு இவ்வளவு அவசரமா என்றார்.

இன்று காலை கதைப் பிரதிகளின் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பெனி பஸ் புறப்படுமுன் அதில் ஏறினேன். முன் சீட்டில் பொருளாளர். ஒரு பிரதியை நீட்டினேன். தலைப்பைப் படித்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார், நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். நான் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தேன்.