அமலாவின் பெயரை அழித்தவன் பட்ட பாடு

திருடுகிறவனுக்குக் கொஞ்சமாவது விவரம் வேண்டும். திண்டிவனம் ராஜ்குமாருக்கு அதுவும் கிடையாது என்பது முண்டியம்பாக்கம் அமலாவின் தீர்மானம்.

அமலா விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். மீதி நேரத்தில், வீடுகளில் மாட்டும் வயரில்லா ஸ்பீக்கர்களைப் பாட வைக்க, நிறுத்த, சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு நிரல் தொகுப்பு எழுதி இணையத்தில் போட்டிருக்கிறாள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை, எழுதியவள் பெயரை அழிக்கக் கூடாது. அவளுடையது தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிய குடும்பம். ரேஷன் கார்டைத் தவிர வேறெதிலும் அவர்கள் பெயர் ஏறியதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் நாலு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்.

"சும்மா குடுக்கறதுக்கா இம்மாம் பாடு?" என்று அம்மா சவுரியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ராஜ்குமாருக்கு ஸ்பீக்கர் கடை. தொகுப்பை அப்படியே எடுத்து, "நானே எழுதினது" என்று வீடு வீடாக மாட்டினான். மகா கெட்டிக்காரன். அமலா என்று இருந்த இடத்திலெல்லாம் ஒரே தட்டில் தன் பெயரைப் போட்டான். திருத்தங்கள் வரவேண்டிய இணைய முகவரியிலும் அவள் பெயர் இருந்தது. அதையும் சேர்த்து மாற்றித் தொலைத்தான், அறிவுக்கொழுந்து.

சத்தம் தானாக உச்சத்துக்கு ஏறும் கோளாறு ஒன்றை அமலா மாசியிலேயே சரிசெய்து வெளியிட்டாள். ஊருக்கெல்லாம் போனது. ராஜ்குமாருக்குப் போகவில்லை.

வைகாசியில், அவன் ஸ்பீக்கர் மாட்டிய ஒரு ரைஸ்மில் முதலாளி வீட்டுக் கிரகப்பிரவேசம். ஐயர் வாயைத் திறந்ததும் ஐந்து அறையிலும் நாதஸ்வரம் அலறியது. மெயினை அணைத்தார்கள்; போட்டதும் மறுபடி அலறியது. பால் பொங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. ராஜ்குமார் வெட்கமில்லாமல், தொகுப்பின் இணையப் பக்கத்தில் இருந்த அமலாவின் நம்பருக்கே போன் போட்டான்.

"பேஜாரா பூட்ச்சிம்மா. ஜல்தியா எதனா பண்ணும்மா."

"அப்டேட் அட்ரஸ்ல யார் பேரு இருக்குது, படிங்க."

ராஜ்குமார் தேடிப் படித்தான். "என் பேரு."

"அங்க என் பேரைப் போடுங்க. தானா அடங்கும்."

அமலா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டான். இரண்டு நிமிஷத்தில் திருத்தம் இறங்கி, சத்தம் அடங்கியது. அந்த அமைதியில் முதலாளி கேட்டது போனில் தெளிவாக விழுந்தது. "யாருப்பா அமலா?"

"நம்ம கடையில வேலை கத்துக்கினு இருக்கிற பொண்ணுங்க."

அமலா போனை வைத்தாள். தொகுப்பை எடுக்க வருகிறவர்கள் முதலில் படிக்கும் முகப்புப் பக்கத்தைத் திறந்து, தமிழிலும் இங்கிலீஷிலும் சேர்த்தாள்: "எழுதியவர் பெயரை மாற்றினால் திருத்தங்கள் வராது. மாற்றிப் பார்த்தவர்: ராஜ்குமார், ஸ்பீக்கர் கடை, திண்டிவனம்."