தளை தட்டிய வெண்பா

அப்பா காரைக்குடியில் புதுவீடு கட்டிக் குடிபோன அன்று, கண்டரமாணிக்கத்திலிருந்து பெரியப்பா ஒரு வாழ்த்து வெண்பா எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அவர் தமிழ் வாத்தியார். பூர்வீக வீட்டைப் பிரித்ததில் மனத்தாங்கலாகி, அதுவரை எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அப்பா சந்தோஷமாக அதைக் கூடத்தில் மாட்டினார். அடுத்த வாரமே காய்ச்சலில் படுத்தார். ஊசி போட்டும் இறங்கவில்லை.

அம்மாவுக்குச் சுவரில் தொங்கிய வெண்பாவின் மேல் சந்தேகம் வந்தது. கூடாத எழுத்தைக் கூடாத இடத்தில் வைத்துப் பாடினால் பாடப்பட்டவர் பிழைக்கமாட்டார், அதற்கு அறம் பாடுவது என்று பெயர் என யாரோ சொல்லியிருந்தார்கள். கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த தன் தம்பியை வரவழைத்தாள்.

மாமா சட்டத்தை இறக்கி மடியில் வைத்து, கண்ணாடிமேல் பென்சிலால் தட்டித் தட்டி அசை பிரித்தார். விஷ எழுத்து எப்படியிருக்கும் என்று நானும் எட்டிப் பார்த்தேன். எதுகை சரி, மோனை சரி. அம்மாவின் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. மூன்றாம் அடியில் பென்சில் நின்றது.

"இங்க தளை தட்டுதுக்கா. 'தம்பி வாழ்க'ன்னு இருக்கு. ஓசை ஒட்டல. 'தம்பியே வாழ்க'ன்னு போட்டிருந்தா சரியாயிருக்கும்."

"வாத்தியாருக்கு அது தெரியாதா?"

"தெரியாம இருக்குமா? எனக்கே தெரியுதே."

"அப்ப வேணும்னே வச்சதுதான்."

மாமா மறுத்திருக்கலாம். தான் கண்ட பிழைக்கு இவ்வளவு மதிப்புக் கிடைத்ததில் பேசாமல் இருந்துவிட்டார். சட்டம் விறகுக் கொட்டகைக்குப் போனது.

காய்ச்சல் விஷயம் கேள்விப்பட்டு, முதல் பஸ்ஸில் பெரியப்பா வந்துவிட்டார். வெறும் ஆணியைப் பார்த்தார். "வாங்க" என்றதோடு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். காபி வரவில்லை. அவர் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் நெற்றியில் கை வைத்தார்.

"தம்பி… இங்க பாரு, தம்பி."

"வந்துட்டீகளாண்ணே" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

பெரியப்பா ஏதாவது முணுமுணுக்கிறாரா என்று பார்க்கச் சொல்லி அம்மா என்னைக் கதவோரம் நிறுத்தியிருந்தாள். தம்பி, தம்பி என்பதைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை. அதையே போய்ச் சொன்னேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். சட்டத்தை இறக்கியதால்தான் என்றாள் அம்மா, நானும் நம்பினேன். பெரியப்பா அப்புறம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. எந்த அண்ணனும் தன் தம்பியைத் 'தம்பியே' என்று கூப்பிடுவதில்லை என்பது அந்த வயதில் எனக்குப் படவில்லை.