ஆட்சேபனை இல்லை என்று ஒரு கையெழுத்து

எங்கள் நகரில் குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்தபோது முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்காக ஒதுங்கியவர்கள். அதியமான்கோட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சோளக்காடாக இருந்ததை மனை போட்டு விற்ற இடம் எங்களுடையது. இண்டூர், அரூர், பாலக்கோடு என்று நாலா பக்கமிருந்தும் வந்து வீடு கட்டியவர்கள். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கவே கூச்சப்படுவோம். இதில் சங்கம் எங்கே சேர்வது?

செயலாளர் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். காரணம் என் வாய்தான். நான் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மீதியெல்லாம் துணி கொண்டுவருகிறவர்கள் பேசப் பேசக் கற்றுக்கொண்டதுதான். யாராவது நறுக்கென்று ஒன்று சொன்னால் அளவு நோட்டில் அவர்கள் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வேன்.

அளவெடுக்கும்போதே ஆளைச் சங்கத்தில் சேர்த்துவிடுவேன். கையைத் தூக்கி நிற்கிறவர் எங்கே ஓடிவிடுவார்? மூன்றாவது தெரு அம்மா ஒருத்தி சொன்னாள்: “எங்க வூட்டுல இருக்கற மூணு பேரே ஒரு கொழம்புக்கு ஒத்துக்க மாட்டேங்கறோம். தெருவே ஒண்ணா சேரணுமாங்க்கா?” இன்னொருத்தி, “சேர்றேன். ஆனா கூட்டத்துல எனக்குப் பேச வராது. நீங்க சொன்னா கை தூக்கறேன், இப்ப தூக்கி நிக்கறாப்பல” என்றாள். இதையெல்லாம் அடுத்த வீட்டில் போய்ச் சொல்வேன். அவர்கள் சிரித்துக்கொண்டே பெயர் கொடுப்பார்கள். ஆனால் பெயர் கொடுத்தவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை.

ஒருநாள் காலையில், கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாவின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் கேட்டு நான் வெளியே ஓடி வந்தேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கோலமாவின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பைக் நெடுஞ்சாலைப் பக்கமாகத்தான் போனது. வந்ததும் அந்தப் பக்கமிருந்துதான் என்று அவரே சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நிற்க இடமில்லை. கேமரா என்றார்கள், விளக்கு என்றார்கள், கடைசியில் கேட் போடலாம் என்றார்கள். முன்பக்கம் போட முடியாது. தண்ணீர் லாரி வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் காரை விட்டு இறங்கித் திறந்து மூட வேண்டும். “அப்ப பின்பக்கம் போட்டுடலாம்” என்று யாரோ சொன்னார்கள்.

பின்பக்கம் என்பது கடைசித் தெரு முடிந்து தொடங்கும் வண்டித்தடம். அதன் மறுமுனையில் காலனி. அங்கிருக்கிற பெண்கள் எங்கள் தெருக்கள் வழியாகத்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போவார்கள், கம்பெனி வேன் ஏறுவதற்கு. நாங்கள் மனை வாங்குவதற்கு முன்பிருந்தே அது அவர்கள் நடந்த வழி. திருடன் முன்பக்கமாக வந்தான், கேட்டைப் பின்பக்கம் வைக்கிறோம். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். ஏன் அந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் புரிந்திருந்தது. ஊரெல்லாம் பேசுகிற நானும் கேட்கவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டதே என்ற பூரிப்பு எனக்கு. எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மனு எழுதியாயிற்று. அந்த வழியில் போய்வருகிறவர்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று அவர்கள் தரப்புக் கையெழுத்தும் வேண்டும் என்று பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்தவர்கள் சொன்னார்கள். எங்கள் தலைவர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தாளை என்னிடம் கொடுத்து, “நீங்க பேசினா யாரும்மா மாட்டேம்பாங்க?” என்றார். அந்தப் பாராட்டை நான் இரண்டு நாள் மனசுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன். ஆனால் காலனிக்குப் போகக் கால் வரவில்லை. போனால் விஷயத்தைச் சொல்ல வேண்டும்; சொன்னால் ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

மூன்றாம் நாள் கீரை அக்கா வந்தார். காலனியிலிருந்து தினமும் கூடையோடு வருகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். என் நோட்டில் அவர் சொன்னதுதான் அதிகம் இருக்கும். “அக்கா, ஒரு கையெழுத்து வேணும்” என்றேன்.

“எதுக்குங்க?”

“ஏரியா பாதுகாப்புக்கு. சங்கிலி அறுத்துட்டுப் போனானுங்க இல்ல, அதுக்கு.”

“ஆமாங்க, பாவம். அந்தம்மா கழுத்தப் பாத்துட்டு எனக்குக் கஞ்சியே எறங்கல. குடுங்க, போடறேன். கைநாட்டுன்னு நெனச்சுடாதீங்க, மகளிர் குழுவுல எங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்துட்டாங்க.” ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பேனாவை வாங்கியதும், “மேல என்னாங்க எழுதியிருக்குது?” என்று கேட்டார்.

“நம்ம எல்லாருக்கும் நல்லதுதாங்க்கா எழுதியிருக்குது.”

அவர் எழுத்தெழுத்தாகப் பெயரைப் போட்டு முடித்து, கொஞ்சம் தள்ளி வைத்து அழகு பார்த்தார். நான் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். அன்றைக்கு அரைக்கீரை இரண்டு கட்டு கூடுதலாக வாங்கினேன். வீட்டில் கீரை சாப்பிட ஆளில்லை.

கேட் வந்தது. எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, சங்கத்து உறுப்பினர்கள் எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். கூட்டத்துக்கு வராதவர்கள்கூட அன்றைக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு சாவி.

மறுநாள் காலை கேட்டுக்கு அந்தப் பக்கம் காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் டிபன் பையோடு நின்றார்கள். கீரை அக்காவும் இருந்தார். சத்தம் கேட்டு நாங்கள் போனோம்.

“எங்க வழிய மூடறதுக்கு நீங்க யாருங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று ஒருத்தி கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

தலைவர் பதறவில்லை. “கேக்காம மூடலம்மா. உங்காளுங்க கையெழுத்தே இருக்குது, பாத்துக்குங்க” என்று செல்போனில் இருந்த படத்தைக் கம்பிக்கு நடுவே நீட்டினார்.

சுடிதார் போட்ட பெண் ஒருத்தி பெரிதாக்கி உரக்கப் படித்தாள். “‘மேற்படி வழியை மூடுவதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.’ எக்கா, கீழ இருக்கறது உன் பேரு. நீயா போட்ட?”

கீரை அக்கா அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ‘அக்காவுக்குத் தெரியாது, நான்தான் சொல்லாமல் வாங்கினேன்.’ பக்கத்தில் என் சங்கத்து ஆட்கள் நின்றார்கள். நான் சேலையில் ஒட்டியிருந்த நூலை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“நல்லாயிருக்குதுக்கா உன் நாயம்! ஒரு கட்டு கீர வாங்குனாங்கன்னு வழியவே எழுதிக் குடுத்துட்டியா?” என்றாள் கம்பியை உலுக்கியவள். அதற்குள் நெடுஞ்சாலையில் வேன் ஹாரன் கேட்டது. எல்லோரும் காட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அக்கா கடைசியாகப் போனார்.

அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை. எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள், அவர்கள் இப்போது நடக்கிற வழியிலேயே காலனிக்குப் போனேன். நெடுஞ்சாலை ஓரம் ஒரு ஆள் நடக்கிற அகலம்தான் மண். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. இரண்டு இடத்தில் பயந்து நின்றுவிட்டேன். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று வீடு வீடாகப் பேசிய பொம்பளை நான்.

அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“சுத்திப் போறது ஒண்ணும் பெருசில்லீங்க. நடந்த காலுதான். ஆனா கொழாயடிக்குப் போனா பேச்ச நிறுத்திடறாங்க. என் மருமவளே கேக்கறா, என்னா குடுத்தாங்கன்னு கையெழுத்துப் போட்டேன்னு. எனக்குத் தெரியாதுன்னு சொன்னா, படிக்காமயா போட்டேங்கறாங்க.” ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார். “படிக்கல. நீங்க சொன்னீங்கன்னு போட்டேன். அத வெளிய சொல்லவும் எனக்கு வெக்கமா இருக்குதுங்க.”

“நான் வந்து சொல்றேங்க்கா.”

“மொதல்ல உங்க சங்கத்துல சொல்லுங்க. அங்க சொல்லாம இங்க வந்து சொன்னா, எம்மேல பாவம் பாத்து சொல்றதா நெனைப்பாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றேன். எப்போதும் ஒரு வேடிக்கை சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன். அன்றைக்கும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். “அந்தக் கையெழுத்து விவரம் சொல்லாம வாங்குனது. அந்தம்மா கேட்டாங்க, நான் மழுப்பிட்டேன்” என்றேன்.

“அட, வுடுங்கக்கா. எல்லா மனுவும் படிச்சுப் பாத்தா போடறாங்க?” என்றார் ஒருவர்.

தலைவர் முகம் மாறியது. “இத எழுத்துல கொண்டு வராதீங்கம்மா. அவங்க மேலிடத்துக்குப் புகார் குடுத்தா கேட்டையே எடுக்கற மாதிரி ஆயிடும்” என்றார்.

அந்தப் பயம்தான் வேலை செய்தது. காலையில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கேட்டைத் திறந்து வைப்பது என்று முடிவாயிற்று. கை தூக்கினவர்களை நான் எண்ணவில்லை. எதிர்வீட்டு அம்மா மட்டும் கூட்டம் முடிந்து போகும்போது என் பக்கத்தில் வந்து, “பைக்கு பின்பக்கமா வரலேன்னு அன்னிக்குக் கூட்டத்துலயே சொல்லலாம்னுதான் இருந்தேன். சங்கிலி போனது எனக்கு. எனக்காகத்தான் செய்யறாங்கன்னு வாய மூடிட்டேன்” என்றார்.

மறுநாள் காலை, தண்ணீர் வருகிற நேரமாகப் பார்த்துக் காலனிக் குழாயடிக்குப் போனேன். குடங்கள் வரிசையில் இருந்தன. கீரை அக்கா வரிசைக்கு வெளியே தள்ளி நின்றிருந்தார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். கையெழுத்து வாங்கிய கதையை முழுக்கச் சொன்னேன், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கதை சொல்கிற ஏற்ற இறக்கம் அதில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கம்பியை உலுக்கியவள் குடத்தை நிமிர்த்தி வைத்தாள். “அன்னிக்கு கேட்டுப் பக்கத்துல நீங்களும்தான நின்னீங்க? அப்பவே சொல்றதுக்கு என்னா?”

“பயந்துட்டேங்க.”

“யாருக்கு? எங்களுக்கா, உங்காளுங்களுக்கா?”

“எங்காளுங்களுக்கு.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கீரை அக்காவின் குடத்தை வாங்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள். “புடிக்கா, தண்ணி நின்னுடப் போவுது.” அவ்வளவுதான். அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார்.

இப்போது கேட் பகலில் திறந்திருக்கிறது. கீரை அக்கா பழையபடி எங்கள் தெருவுக்கு வருகிறார். எதிர்வீட்டில் கூடையை இறக்குகிறார், மூன்றாவது தெருவில் இறக்குகிறார். என் வாசலில் மட்டும் நடை கொஞ்சம் வேகமாகிறது. நானும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், மனசு கேட்காமல் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் மிஷினை மிதித்துக்கொண்டே அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்க்கிறேன்.