நோட்டில் அடித்த ஒன்பது வரிகள்

போடியில் எங்கள் தெருவுக்கும் மலைச்சாலைக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட். அதைத் தாண்டி அறுபத்திரண்டாவது எட்டில் என் தென்னந்தோப்பு. எழுபத்தாறு வயதில் தினமும் இரண்டு நடை போய்வருகிறேன்.

கேட்டை நிரந்தரமாக மூடப்போவதாக, கேட்டோரத்துக் கம்பம் ஒன்றில் அறிவிப்பு ஒட்டினார்கள். கணக்கெடுத்ததில் வண்டிகள் குறைவாம். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாமாம். மாற்றுவழியான சுரங்கப்பாதைக்கு நடந்து பார்த்தேன். போவதற்கே இரண்டாயிரத்து நூற்று நாற்பது எட்டு. மழை பெய்தால் உள்ளே முழங்காலளவு தண்ணீர்.

அவர்கள் கணக்கெடுத்தது காலை ஒன்பது மணிக்குமேல். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆளேற்றும் ஜீப்புகள் ஆறு மணிக்கே மலையேறிவிடும். இதை எழுதி மனுப் போட்டேன். சான்றுக்காக ஏழு நாள், விடியற்காலை ஐந்து மணியிலிருந்து கேட்டருகே உட்கார்ந்து, கடக்கும் வண்டிகளின் எண்களை நோட்டில் குறித்தேன்.

மூன்றாம் நாள் ஒரே ஜீப் நாலாவது தடவையாக வந்தது.

"என்ன மாப்ளே, எதையாச்சும் மறந்துட்டியா?"

"ஒங்களுக்காகத்தான் மாமா சுத்துறேன். வெரசா எழுதுங்க, டீசல் எரியுது."

"ஒரு தடவைதான் எழுதுவேன்."

"கேட்டு வேணும்னு மனுப் போட்டது நீங்களா, ரயில்காரங்களா?" என்றார் டிரைவர். உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அவரைப் பார்த்து இன்னும் இருவர் சுற்றினார்கள். திரும்ப வந்தவை என்று தெரியாமல் எழுதிவிட்ட ஒன்பது வரிகளை அன்று அடித்தேன். டிரைவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விசாரணையில் அதிகாரி நோட்டைப் புரட்டி, அடித்த வரிகளில் நிறுத்தினார். காரணம் சொன்னேன்.

"மனுப் போட்டவரே கொறச்சுக் காட்டுறத இப்பத்தான் சார் பாக்குறேன்" என்றவர், ஐந்து மணியிலிருந்து மறுகணக்கு எடுக்க உத்தரவிட்டார்.

மறுகணக்கு நாளில் இரண்டு பேர் பலகையும் படிவமுமாக வந்தார்கள். ஜீப்புகள் ஒழுங்காக ஒரே தடவை போயின. கேட்டுக்கு அப்பால் காத்திருந்த ஜீப்புகளில் ஏற, தூக்குவாளியோடு பெண்கள் நடந்தே கடந்தார்கள். அவர்களில் ஒருவரையும் கணக்கெடுக்க வந்தவர்கள் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நடக்குறவங்களுக்கு இதுல கட்டம் இல்ல சார்."

கோபத்தோடு வீட்டுக்கு வந்து என் நோட்டைப் பிரித்தேன். ஏழு நாளில் நடந்துபோன ஒருவரைக்கூட நானும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் ஐந்து முதல் ஏழு வரை உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தேழு பேர். எழுந்து தோப்புக்குப் போனபோது என்னையும் சேர்த்து முப்பத்தெட்டு என்று எழுதினேன். இரண்டாம் மனுவில் அந்த எண் இருக்கிறது. அனுப்பிப் பதினாறு நாளாகிறது. பதில் வரவில்லை, இன்று காலை வரை கேட் திறந்திருந்தது.