நல்லம்மாவின் கொடிக்கம்பியும் ஐந்து நாட்டு விமானிகளும்

தெல்தெனியவிலிருந்து நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி மேலேறும் ஒழுங்கையின் கடைசி வீட்டில் வசிக்கும் நல்லம்மா, மழையைத் தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை. கணவனுக்குப் பயப்பட வேண்டும் என்று கல்யாணத்தின்போது யாரோ சொல்லி அனுப்பினார்களாம். ஒரு வாரம் முயன்று பார்த்தாள், முடியவில்லை. பழனியாண்டியும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மழைக்குப் பயப்படக் காரணம் உண்டு. நீர்த்தேக்கக் கரையோரத்து விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அவள்தான் தோய்த்துக் கொடுக்கிறாள். அழுக்குப் போகும் வரைதான் விரிப்பு தோய்ப்பவளுடைய பொறுப்பு. அதன் பின்னர் அது சூரியனுடைய பொறுப்பு. கண்டிப் பக்கத்துச் சூரியனோ நாட்கூலிக்குப் பிடித்த ஆளைப் போல நினைத்த நேரத்தில் வருவார், சொல்லாமல் போய்விடுவார். போதாக்குறைக்கு, நல்லம்மாவின் வீடு மலைச்சரிவின் நிழலுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. வெயிலெல்லாம் வீட்டுக்கு முன்னாலிருந்த பெரும் பள்ளத்தின் நடுவில், ஒருவருக்கும் பயன்படாமல், அந்தரத்தில் வீணாகிக்கொண்டிருந்தது.

அந்த வெயிலைப் பிடிக்க வழி கண்டவன் பழனியாண்டி. அந்தப் பெருமையை அவனிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. அவனும் பறிக்க விடுவதில்லை. மூடிக் கிடந்த தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு காலத்தில் கொழுந்து மூட்டைகளை இறக்கிய உருக்குக் கம்பியைக் கொண்டுவந்தான். அதன் ஒரு நுனியைத் தன் வீட்டுத் தூணிலும், மறு நுனியைப் பள்ளத்துக்கு அப்பால் றலியா வீட்டுப் பலா மரத்திலும் இழுத்துக் கட்டினான். கம்பியில் இரும்பு வளையங்களைக் கோத்து, கப்பியில் ஓடும் கயிறு ஒன்றையும் பூட்டினான். கயிற்றை ஒரு பக்கம் இழுத்தால், வளையங்களில் தொங்கும் விரிப்புகள் ஊர்வலமாகப் பள்ளத்தின் நடுவுக்குப் போகும். மறுபக்கம் இழுத்தால், காய்ந்து மொறுமொறுத்து வீடு திரும்பும்.

அக்கரை றலியா, மிளகாய் அரைக்கும் ஆலை வைத்திருப்பவள். மரத்தை இரவல் கொடுத்ததற்குக் கைம்மாறாகத் தன் வீட்டுத் திரைச்சீலைகளும் அதே கம்பியில் உலர வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டாள். காற்று அவள் பக்கமிருந்து அடிக்கும் நாட்களில் விடுதி விருந்தினர் படுக்கையில் கிடந்து தும்முவார்கள் என்பதைத் தவிர, அந்த ஒப்பந்தத்தால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.

இப்படியிருக்கையில், பெருமழையும் மண்சரிவும் வந்துபோனதற்கு அடுத்த ஆண்டு, கண்டியில் ஒரு விடுதியில் பல நாட்டு விமானிகள் கூடினார்கள். ஹெலிகொப்டர்களை விழுத்துவது எது என்பது அவர்களுடைய விசாரணை. இயந்திரக் கோளாறு ஒன்று, மூடுபனி ஒன்று. மலைநாட்டில் இவ்விரண்டுக்கும் துணைபோவது கம்பி. பறப்பவன் கண்ணுக்கு மலை தெரியும், மரம் தெரியும்; மலைக்கும் மரத்துக்கும் இடையில் ஓடும் கம்பி தெரியாது. தன் ஊர்க் கம்பி எங்கே இருக்கிறது என்று அவரவர் அறிவர். அடுத்த ஊர்க் கம்பியை அறியார். ஆபத்துக்கு உதவ ஓடி வருகிறவனோ எப்போதும் அடுத்த ஊர்க்காரன்தான். ஆகவே, மலைநாட்டுக் கம்பிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தேடி, எல்லாரும் பார்க்கும் ஒரே வரைபடத்தில் குறித்து வைப்பது என்று ஐந்து நாடுகள் கைகுலுக்கிக்கொண்டன. காடு பற்றினால் ஹெலிகொப்டர்கள் தண்ணீர் அள்ள வருவது நீர்த்தேக்கத்துக்குத்தான் என்பதால், வேலையை அதன் கரையிலேயே தொடங்கினார்கள்.

இந்த விவரமெல்லாம் நல்லம்மாவுக்குப் பின்னர்தான் தெரிந்தது. முதலில் தெரிந்தது, கிராம சேவகர் ஹாஷிம் ஒழுங்கையில் சொல்லிவிட்டுப் போன செய்தி மட்டுமே. இந்தக் கிழமை ஹெலிகொப்டரில் வந்து கம்பிகளைப் பார்க்கப் போகிறார்களாம். பயப்பட ஒன்றும் இல்லையாம்.

பயப்பட ஒன்றும் இல்லை என்று ஓர் அதிகாரி சொன்னால், அங்கேதான் பயம் பிறக்கும். வந்து பார்க்கப்போவது மின்சாரக் கம்பியை என்று ஊர் முடிவு செய்தது. பகலுணவுக்கு முன்னரே, தெருக்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வெளிச்சம் எடுத்தவர்கள் கொக்கியைக் கழற்றினார்கள். கொக்கி போடாதவர்களும் ஒரு முன்னெச்சரிக்கையாகத் தொலைக்காட்சி அன்ரனாவைக் கழற்றினார்கள். நல்லம்மாவின் கம்பியில் மின்சாரம் இல்லை; ஆனால் அனுமதியும் இல்லை. பள்ளத்துக்கு மேலாகக் கம்பி கட்ட யாரிடம் அனுமதி கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவுமில்லை. கம்பி போனால் வெயில் போகும். வெயில் போனால் விடுதிகள் போகும். மழையைத் தவிர வேறொன்றுக்கு நல்லம்மா பயந்தது அன்றுதான்.

பழனியாண்டி தூணில் சாய்ந்து நின்று கம்பியை நெடுநேரம் பார்த்தான்.

“மேலேருந்து பாத்தா கம்பி தெரியவே தெரியாது புள்ள. துணிதான் நம்மளக் காட்டிக் குடுக்கும். சத்தம் கேட்டவொடனே துணிய உள்ளுக்கு இழுத்துப்புடுவோம்.”

அவன் சொன்ன எதையும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டிராத நல்லம்மா, இதை ஏற்றுக்கொண்டாள். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பழனியாண்டி தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிக் காவலுக்கு உட்கார்ந்தான். சத்தம் கேட்டால் அவன் விசிலடிக்க வேண்டும். அவள் கயிற்றை இழுக்க வேண்டும். அவன் புல் வெட்டும் இயந்திரத்துக்கு விசிலடித்தான். மேட்டில் ஏறிய ஓட்டோவுக்கு விசிலடித்தான். ஒவ்வொரு விசிலுக்கும் விரிப்புகள் ஈரத்தோடு வீட்டுக்குள் ஓடிவந்தன; ஓட்டோ என்று தெரிந்ததும் மீண்டும் வெளியே அனுப்பப்பட்டன. மாலையில் விடுதி மேலாளர் தொலைபேசியில் அழைத்து, விரிப்புகளைத் தோய்த்தார்களா அல்லது நனைத்தார்களா என்று விசாரித்தார். அதற்கு மறுநாள் றலியா தன் வாசலில் வந்து நின்று, பள்ளத்துக்கு இக்கரையிலும் கேட்கும்படி பேசினாள்.

“அக்கா, ஒங்கட மாப்புளைக்கிட்ட செல்லுங்க, அது ஹெலிகொப்டர் இல்ல, என்ட மில்லு. ரெண்டு நாளா என்ட வாசலப் பாத்து விசிலடிச்சிக்கிட்டு ஈக்கிறாரு. சாமான் அரைக்க வார ஆக்கள் என்ன நெனப்பாங்க?”

இடையிடையே உண்மையான ஹெலிகொப்டரும் வரத்தான் செய்தது. அது வந்த இரண்டு முறையும், விரிப்புகள் வீட்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, பள்ளம் ஒன்றுமறியாத பிள்ளையைப் போல வெறுமையாகக் கிடந்தது. ஹெலிகொப்டர் வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பழனியாண்டி தொட்டியிலிருந்து இறங்கி, தேர்தலில் வென்றவனைப் போல முற்றத்தில் நடந்தான்.

அதற்கு அடுத்த நாள், விசில் கேட்டு நல்லம்மா கயிற்றை இழுத்தபோது, விரிப்புகள் வந்தன. கடைசி விரிப்பு மட்டும் வரவில்லை. கம்பியில் பிரிந்து நின்ற உருக்கு இழையொன்றில் வளையம் மாட்டிக்கொண்டது. பள்ளத்தின் நட்டநடுவில் ஒற்றை வெள்ளை விரிப்பு ஆடிக்கொண்டு நின்றது. ஹெலிகொப்டர் முன்னைப் போல மேலே வட்டமிடவில்லை. நீர்த்தேக்கத்திலிருந்து பள்ளத்துக்குள்ளேயே நுழைந்து, தாழ்வாக, நேராக வந்தது.

நல்லம்மா கயிற்றில் தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். “வந்துரும்மா, வந்துரு” என்று விரிப்பிடம் கெஞ்சினாள். விரிப்பு அசையவில்லை. கிணற்று விளிம்பைக் கண்ட மாடு முன்னங்காலை ஊன்றி நிற்பதுபோல, ஹெலிகொப்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. அடித்த காற்றில் வாழை இலைகள் நாராய்க் கிழிந்தன. தோய்க்கும் தொட்டி ஒழுங்கையில் உருண்டோடியது. தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த பழனியாண்டியைக் காணவில்லை. விரிப்பு வளையத்தைப் பிய்த்துக்கொண்டு பறந்து றலியாவின் ஆலைக் கூரையில் போய் விழுந்தது. தலைக்கவசம் அணிந்த ஒரு முகம் கண்ணாடிக்குள்ளிருந்து நல்லம்மாவை நேராகப் பார்த்தது. பிறகு இயந்திரம் பின்புறமாகவே நகர்ந்து, உயர்ந்து, போய்விட்டது.

வெயில் சாய்வதற்குள் ஒழுங்கையின் அடியில் ஒரு வேன் வந்து நின்றது. கம்பியை வெட்டத்தான் வருகிறார்கள் என்று நல்லம்மாவுக்குத் தெரியும். ஆனாலும், வெட்ட வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசக் கூடாது அல்லவா? றலியாவிடமிருந்து கதிரைகளை இரவல் வாங்கிப் போட்டு, தேநீருக்கும் தண்ணீர் வைத்தாள். கிராம சேவகர் ஹாஷிம் முன்னே வந்தார். ஹெலிகொப்டரை ஓட்டிய நோர்வே நாட்டுப் பெண்மணி இங்க்ரிட், ஒரு ஜப்பானியர், ஓர் இந்தியர், ஓர் அவுஸ்திரேலியர், நமது விமானப்படை அதிகாரி ஒருவர் ஆகியோர் மூச்சிரைக்கப் பின்னே வந்தார்கள். பழனியாண்டி சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தான்.

இங்க்ரிட் நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னார்.

“இந்த அம்மா ஒங்களுக்கு நன்றி செல்றா” என்றார் ஹாஷிம்.

தண்டனைக்கு முன்னால் சொல்லும் நன்றியாக்கும் என்று நினைத்த நல்லம்மா, “எதுக்குங்க?” என்று கேட்டாள்.

“அந்த வெள்ளத் துணிக்கு. கம்பி அவவுக்குத் தெரியவே இல்லையாம். துணியக் கண்டுதான் நிப்பாட்டினாவாம்.” ஹாஷிம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இன்னொண்டும் கேக்கிறா. போன ரெண்டு தடவையும் மேலால பாத்துட்டு, இதுல கம்பி இல்லண்டு நெனச்சித்தான் இண்டைக்குப் பதிவா, பள்ளத்துக்குள்ளால வந்தாங்களாம். அப்ப இந்தக் கம்பி எங்க இருந்திச்சாம்?”

நல்லம்மா சமையலறைக் கதவைப் பார்த்தாள். கதவு இன்னும் சற்று உள்ளே ஒதுங்கிக்கொண்டது. பிறகு இங்க்ரிட்டைப் பார்த்தாள். தேநீர்க் கோப்பையை அவர் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். ஒரு மிடறும் குடிக்கவில்லை. அந்த ஒரு விரிப்பு மாட்டிக்கொண்டிராவிட்டால் அவர் இங்கே உட்கார்ந்திருக்கவே மாட்டார் என்பது நல்லம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

“அங்கயேதாங்க இருந்திச்சி. ஒங்க சத்தம் கேக்குறப்பல்லாம் நாங்கதான் துணிய உள்ளுக்கு இழுத்துக்கிட்டோம். கம்பி தெரியக் கூடாதுன்னு.”

இதை மொழிபெயர்க்க ஹாஷிமுக்குச் சற்று நேரம் பிடித்தது. மொழிபெயர்ப்பு ஒவ்வொரு நாட்டையும் போய்ச் சேர்ந்தபோது அந்த நாட்டின் முகம் மாறியது. கடைசியாகச் சேர்ந்த ஜப்பானியர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நல்லம்மாவால் அறிய முடியவில்லை.

விமானப்படை அதிகாரி சிரிக்கவில்லை. இத்தகைய கம்பியை அகற்ற வேண்டும் என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, வேனிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்துவரச் சொன்னார். அவர் சொன்னது நியாயம் என்பதுதான் நல்லம்மாவுக்கு வருத்தம். அநியாயமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். குறடு வந்து சேர்ந்து, கம்பியை நோக்கி வாயைத் திறந்தது. நல்லம்மா மெதுவாகக் கேட்டாள்.

“ஐயா, துணி இருந்தா தெரியுதுன்னு அந்தம்மாவேதான சொன்னாங்க? அப்ப துணி இருக்கட்டுமே. இனிமே நான் இழுக்க மாட்டேன்.”

இங்க்ரிட் எழுந்து நின்றுவிட்டார். ஐவரும் முற்றத்தில் வட்டமாகக் கூடினார்கள். கம்பிகளில் மாட்டும் செம்மஞ்சள் பந்துகள் கப்பலில் வந்துகொண்டிருக்கின்றனவாம். துறைமுகத்திலிருந்து அவை எப்போது வெளியே வரும் என்பது கடவுளுக்கும் சுங்கத்துக்கும் மட்டுமே தெரியுமாம். அதுவரைக்கும் பள்ளத்தின் நடுவில் பகல் முழுவதும் ஏதாவது தொங்குமானால் கம்பி இருக்கலாம் என்று அதிகாரி இறங்கி வந்தார். ஆனால் வெள்ளை உதவாது. மூடுபனியில் அது கரைந்துவிடும். நல்ல நிறம் வேண்டும்.

நல்லம்மா அலுமாரியைத் திறந்துவிட்டாள். நீலச் சேலையை விரித்துக் காட்டினாள். அது நீர்த்தேக்கத்தோடு கலக்கும் என்றார் அவுஸ்திரேலியர். றலியா தன் பச்சைத் திரைச்சீலையோடு வந்து சேர்ந்தாள். பச்சையைக் காட்டோடு சேர்த்துக் கழித்தார் இந்தியர். குங்குமச் சிவப்பா, மஞ்சளா என்பதில் நாடுகளுக்கிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. வேண்டுமானால் எதையாவது மிளகாய்த்தூளில் முக்கித் தருவதாக றலியா சமாதானம் பேசினாள். அப்போதுதான் ஜப்பானியர் சமையலறைக் கதவை நோக்கி விரலை நீட்டினார்.

கதவின் கீழிடுக்கில், வீட்டுக்குள் தீப்பற்றியதைப் போல, செம்மஞ்சள் நிறம் எரிந்துகொண்டிருந்தது.

கெலிஓயாவிலிருக்கும் மைத்துனன் வாங்கிக் கொடுத்த, இடுப்பில் கட்டும் சாரம் அது. பழனியாண்டி வெளியே வந்தான். ஐந்து நாடுகள் அவனுடைய இடுப்புக்குக் கீழே ஆவலோடு பார்த்தன.

“இது உடுத்துற சாரங்க” என்றான்.

“வேறொண்ட உடுத்திட்டு வாங்க அண்ணே” என்றார் ஹாஷிம்.

காணியை எழுதிக் கொடுத்தவனைப் போல நடந்து போய், அவன் மாற்றிக்கொண்டு வந்தான். இங்க்ரிட் சாரத்தை வாங்கிக்கொண்டு ஒழுங்கையின் அடிவரை போய் உயர்த்திப் பிடித்தார். மேலிருந்து நான்கு நாடுகளும் தலையசைத்தன. குறடு வேனுக்குத் திரும்பியது. சாரம் தனி வளையத்தில் கோக்கப்பட்டது. றலியா அதை அக்கரையிலிருந்து வேறொரு கயிற்றால் இழுத்து, பள்ளத்தின் நடுவில் நிறுத்தி, பலா மரத்தில் முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் ஹெலிகொப்டர் வந்தது. தூரத்திலேயே சாரத்தைக் கண்டு உயர்ந்து, அதன் மேலாக மரியாதையோடு சுற்றிப் போனது. யாரும் விசிலடிக்கவில்லை. விரிப்புகள் இருந்த இடத்திலேயே இருந்து, பல நாட்களுக்குப் பிறகு நன்றாகக் காய்ந்தன. பிற்பகலில் மலைப்பக்கமிருந்து கருமுகில் இறங்கியது. நல்லம்மா விரிப்புகளை மட்டும் இழுத்துக்கொண்டாள். முதல் தூறல் விழுந்ததும் பழனியாண்டி வாசலுக்கு வந்து, பள்ளத்தின் நடுவில் தனியாகத் தொங்கிய சாரத்தைப் பார்த்தான்.

“நனையுதே புள்ள. சாயம் எறங்கிப் போயிரும். றலியாகிட்டச் சொல்லி அவுத்துக்கிட்டு வரட்டுமா?”

“என்னையக் கேட்டா? அஞ்சு நாடு சேந்து மாட்டுனது. அவங்களக் கேட்டுட்டு அவுத்துக்கிட்டு வாங்க.”

நல்லம்மா விரிப்புகளை மடிக்கத் தொடங்கினாள். கடைசி விரிப்பையும் மடித்து வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தபோது, பழனியாண்டி குடையை விரித்துக்கொண்டு கிராம சேவகர் வீட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தான்.